கேட்டி குரிக் தோற்றாரா? போங்கய்யா!

போன வாரம் வகுப்பில் ஒரு சண்டை. விஸ்காம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு "கேஸ் ஸ்டடி" என்று ஒரு சமாச்சாரம் உண்டு. யாராவது ஒருவர் எழுந்து போய் பத்து ஸ்லைடு போட்டு, ஒரு நிறுவனம் எப்படி மண்ணைக் கவ்வியது என்று விளக்கிவிட்டு, கடைசி ஸ்லைடில் "கற்ற பாடம்" என்று நாலு வரி எழுத வேண்டும். இந்த முறை வந்தது 2006இல் அமெரிக்காவில் நடந்த கதை. என்பிசியில் காலை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த கேட்டி குரிக், போட்டி நிறுவனமான சிபிஎஸ்ஸுக்குத் தாவி மாலைச் செய்திக்குப் போன கதை. நண்பர் போட்ட கடைசி ஸ்லைடு இதுதான்: "தவறான ஆள், தவறான நாற்காலி."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து பேச ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது. அன்று தொண்டையில் நின்றுபோன மிச்சம்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை தெரியாதவர்களுக்காக.

அமெரிக்காவில் ரொம்ப காலமாக மூன்று பெரிய நெட்வொர்க்குகள்: சிபிஎஸ், என்பிசி, ஏபிசி. மூன்றுக்கும் மாலையில் அரை மணி நேரச் செய்தி. விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அந்த 22 நிமிடத்தை நடத்துகிறவர்தான் அந்த நிறுவனத்தின் முகம். சிபிஎஸ்ஸில் அந்த நாற்காலியில் 1962 முதல் 1981 வரை வால்டர் குரோன்கைட் இருந்தார். அதன்பின் 2005 மார்ச் வரை டான் ராதர். 2004இல் அதிபர் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றி, நம்பகத்தன்மை நிரூபிக்கப்படாத ஆவணங்களை வைத்து ஒளிபரப்பிய நிகழ்ச்சி பெரிய அவமானமாக முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே ராதர் அந்த நாற்காலியை விட்டுப் போனார். பாப் ஷீஃபர் என்ற மூத்த செய்தியாளர் தற்காலிகமாக உட்கார்ந்தார்.

அப்போது சிபிஎஸ்ஸின் தலைமை நிர்வாகி லெஸ் மூன்வெஸ் கண் வைத்த ஆள்தான் கேட்டி குரிக். 1991 முதல் என்பிசியின் "டுடே" நிகழ்ச்சியை 15 வருடம் நடத்தியவர். 2006 ஏப்ரல் 5 அன்று அந்த நிகழ்ச்சியிலேயே "நான் போகிறேன்" என்று அறிவித்தார். செப்டம்பர் 5 அன்று சிபிஎஸ் மாலைச் செய்தியில் உட்கார்ந்தார். மூன்று நெட்வொர்க்குகளின் வார நாள் மாலைச் செய்தியைத் தனியாக, நிரந்தரமாக நடத்திய முதல் பெண் அவர்தான். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அடேங்கப்பா!

முதல் நாள் சுமார் 1 கோடியே 36 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. சிபிஎஸ் பழையபடி மூன்றாம் இடம். 2011 மே 19 அன்று குரிக் விடைபெற்றார். அவ்வளவுதான் கதை. இதிலிருந்துதான் "தவறான ஆள்" என்ற தீர்ப்பு.

நிற்க. இந்தத் தீர்ப்பில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எண்ணுவோமா?

ஓட்டை ஒன்று. மூன்றாம் இடம் என்பது குரிக் கொண்டுவந்த நோயா? இல்லை சாமி. சிபிஎஸ் மாலைச் செய்தி தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே பெரும்பாலும் மூன்றாம் இடத்தில்தான் கிடந்தது. ராதர் விட்டுப்போனதும் மூன்றாம் இடத்தை. ஷீஃபர் காலத்தில் பார்வையாளர்கள் கொஞ்சம் கூடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் இடம் மூன்றுதான். குரிக்குக்குப் பிறகு ஸ்காட் பெல்லி வந்தார். கறாரான ஆள், கனமான குரல், பழைய பாணிச் செய்தி. அவரும் கொஞ்சம் இடைவெளியைக் குறைத்தார், இடம் மூன்று. பிறகு ஜெஃப் குளோர், மூன்று. 2019 முதல் 2025 ஜனவரி வரை நோரா ஓ'டானல், மூன்று. ஆண் உட்கார்ந்தாலும் மூன்று, பெண் உட்கார்ந்தாலும் மூன்று. சிரித்தாலும் மூன்று, முறைத்தாலும் மூன்று. ஆனால் "தோற்றவர்" என்று பாடமாக வைத்திருப்பது ஒரே ஒருவரை!

ஓட்டை இரண்டு. கூட்டம் எப்போது கலைய ஆரம்பித்தது? 1980இல் மூன்று நெட்வொர்க்குகளின் மாலைச் செய்தியையும் சேர்த்துச் சுமார் 5 கோடிப் பேர் பார்த்தார்கள். 2006இல் அது சுமார் இரண்டரைக் கோடி. அதாவது குரிக் வந்து உட்காருவதற்கு முன்பே கடையில் பாதி வாடிக்கையாளர் போயாகிவிட்டது. 1980இல் சிஎன்என் வந்தது, அப்புறம் கேபிளில் வரிசையாகச் செய்திச் சேனல்கள், அப்புறம் இணையம். மாலை ஆறரை மணிக்கு வீட்டில் இருப்பவர்களே குறைந்துவிட்டார்கள். இருக்கிற இரண்டரைக் கோடியும் வருடக்கணக்காக ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய வயதானவர்கள். அவர்களைக் காலைக் காபிக் கடையை மாற்றச் சொன்னால் மாற்றுவார்களா? செய்தியும் பழக்கம்தான். ஒரு முகத்தைக் காசு கொடுத்து வாங்கிவந்துவிட்டால் அந்த முகத்தின் பின்னால் கூட்டமும் வந்துவிடும் என்று நினைத்தது மூன்வெஸ்ஸின் கணக்கு. கணக்கு தப்பு. தப்புக் கணக்கு போட்டவர் நாற்காலியில் பத்திரமாக இருந்தார். (2018 செப்டம்பரில், பல பெண்கள் சொன்ன பாலியல் புகார்களுக்குப் பிறகுதான் அவர் பதவி விலகினார். அது வேறு கதை. யோசித்தால் வேறு கதையே இல்லை.)

ஓட்டை மூன்று. இதுதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. "கிராவிடாஸ்."

2006இல் குரிக் பற்றிப் பேசிய விமர்சகர்களில் பாதிப்பேர் பிடித்துக்கொண்டு தொங்கிய சொல் இது. தமிழில் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தம்மாவுக்குக் கனம் இருக்கா? காலையில் சமையல் செய்து காட்டி, ஹாலோவீன் வேஷம் போட்டுக்கொண்டு வந்தவர், போர்ச் செய்தி சொன்னால் யார் நம்புவார்கள்?"

அந்த அம்மா என்பிசியில் 1989இல் சேர்ந்தபோது பென்டகன் செய்தியாளராகச் சேர்ந்தார். காலை நிகழ்ச்சியில் அதிபர்களையும் வேட்பாளர்களையும் நேருக்கு நேர் மடக்கியிருக்கிறார். கணவர் 1998இல் பெருங்குடல் புற்றுநோயில் இறந்த பிறகு, 2000இல் தன் பெருங்குடல் பரிசோதனையையே தொலைக்காட்சியில் காட்டினார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது என்று 2003இல் மருத்துவ ஆய்விதழில் கட்டுரையே வந்தது. ஒரு செய்தியாளர் வாழ்நாளில் இதைவிடக் கனமாக என்ன செய்துவிட முடியும், சொல்லுங்கள்?

ஆனால் பேச்சு எங்கே போனது? முதல் நாள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குப் போனது. அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம் முடிந்துவிட்டால் வெள்ளை உடுத்தக் கூடாது என்று ஒரு பழைய சம்பிரதாயம். அவர் செய்தி வாசித்தது அதற்கு மறுநாள். போச்சுடா! இன்னொரு கூத்தும் நடந்தது. சிபிஎஸ்ஸின் சொந்த விளம்பரப் பத்திரிகையிலேயே அவருடைய புகைப்படத்தைக் கணினியில் இழைத்து ஒல்லியாக்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஆளை, வாங்கிய நிறுவனமே "இப்படியே காட்ட முடியாது" என்று நினைத்திருக்கிறது பாருங்கள்.

நிகழ்ச்சி முடிவில் சொல்ல ஒரு நல்ல வாசகம் அனுப்புங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டதற்கும் சிரித்தார்கள். 1986இல் டான் ராதர் ஒரு வாரம் போல, செய்தி முடிந்ததும் திடீரென்று "தைரியம்" என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லி விடைபெற்றார். அமெரிக்காவே சிரித்தது. ஆனாலும் அவர் இன்னும் 19 வருடம் அதே நாற்காலியில் இருந்தார். அவருக்குக் கனம் இருந்ததல்லவா :-)

சரி, கனம் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அந்த 2006இல் முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த என்பிசியின் பிரயன் வில்லியம்ஸ். கோட்டு, குரல், புருவம் எல்லாம் கனம். 2003இல் ஈராக்கில் தான் இருந்த ஹெலிகாப்டர் சுடப்பட்டது என்று சொன்ன கதை பொய் என்று வெளிவந்து, 2015 பிப்ரவரியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டார். மாலைச் செய்திக்குத் திரும்பவே இல்லை. குரிக்கோடு "டுடே"யில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேட் லாவர், சிபிஎஸ்ஸின் காலை நிகழ்ச்சியிலிருந்த சார்லி ரோஸ் இரண்டு பேரும் பாலியல் புகார்களை அடுத்து 2017 நவம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். இவர்கள் யாரையும் பார்த்து "இவருக்குக் கனம் இருக்கா?" என்று எந்த விமர்சகரும் முதல் நாளில் கேட்கவில்லை. ஆணாகப் பிறந்து குரல் கொஞ்சம் கரகரவென்று இருந்தால் கனம் பிறவியிலேயே வந்துவிடுகிறது போல.

இதில் இன்னொரு வேடிக்கை, இந்தப் படம் முப்பது வருடத்துக்கு முன்பே ஒரு தடவை ஓடியாகிவிட்டது. 1976இல் பார்பரா வால்டர்ஸ். அதே என்பிசி, அதே "டுடே". அங்கே ஃபிராங்க் மெக்கீ என்பவர் நிகழ்ச்சி நடத்திய காலத்தில் ஒரு விதி இருந்தது: முக்கிய விருந்தினர் வந்தால் முதல் மூன்று கேள்வி மெக்கீ கேட்பார், நாலாவதிலிருந்துதான் வால்டர்ஸ் வாயைத் திறக்கலாம். 1974இல் மெக்கீ இறந்த பிறகுதான் வால்டர்ஸுக்கு இணைத் தொகுப்பாளர் என்ற பட்டமே கிடைத்தது. இரண்டு வருடத்தில் ஏபிசி அவரை ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று அழைத்துக்கொண்டு போய், மாலைச் செய்தியில் ஹாரி ரீசனர் பக்கத்தில் உட்கார வைத்தது. அந்தப் பணத்தில் பாதி, அவர் செய்யப்போகும் சிறப்பு நேர்காணல் நிகழ்ச்சிகளுக்காகப் பொழுதுபோக்குப் பிரிவு கொடுத்தது. ஆனால் ஊர் பேசியது "செய்தி வாசிக்கப் பத்து லட்சமா?" என்று மட்டும்தான். பக்கத்தில் இருந்த ரீசனருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்தப் பிடிக்காமை திரையில் வழிந்தது. இரண்டு வருடத்துக்குள் ஜோடி முறிந்தது, ரீசனர் சிபிஎஸ்ஸுக்கே திரும்பினார். "வால்டர்ஸ் தோற்றார்" என்று எழுதினார்கள்.

அந்தத் "தோற்ற" வால்டர்ஸ்தான் 1977இல் எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுத்தவர். அதே வருடம் ஃபிடல் காஸ்ட்ரோவையும். தோல்வி என்றால் இப்படித் தோற்கணும்யா.

குரிக்கும் அப்படித்தான். 2008 செப்டம்பரில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினைப் பேட்டி எடுத்தார். அதில் பெரிய ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை. நீங்கள் என்னென்ன பத்திரிகை படிக்கிறீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். பேலின் ஒரு பத்திரிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. குரிக் குரலை உயர்த்தாமல், சிரித்த முகம் மாறாமல், திரும்பத் திரும்ப அதையே கேட்டார். "காலை நிகழ்ச்சி ஆள்" என்று எதைக் குறையாகச் சொன்னார்களோ, அந்தச் சாதாரணத் தொனிதான் அந்தப் பேட்டியை அப்படி ஆக்கியது. விறைப்பாகக் கேட்டிருந்தால் பேலின் உஷாராகியிருப்பார். இது என் கட்சி. அந்தத் தேர்தலில் அதிகம் பேசப்பட்ட பேட்டி அதுதான். ஆனால் மூன்றாம் இடம் மூன்றாம் இடமாகவே இருந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? நல்ல வேலைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அந்த எண்ணை வைத்து ஒரு செய்தியாளருக்கு மார்க் போட்டால், மார்க் போடுகிறவருக்குச் செய்தி என்றால் என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

"அப்படியானால் குரிக் மேல் குற்றமே இல்லையா? அவர் என்ன புத்தரா?" என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி.

முதல் நாள் நிகழ்ச்சியில் டாம் குரூஸின் குழந்தைப் படத்தைக் காட்டினார்கள். அபத்தம். அதற்கு அவரும் பொறுப்பு. ஆனால் 2007 மார்ச்சில் தயாரிப்பாளரையே மாற்றி, ரிக் கப்லான் என்ற பழைய கை வந்து, நிகழ்ச்சியைப் பழைய பாணிக்குத் திருப்பினார். அப்போதும் எண் எழும்பவில்லை. ஆக, நோய் குழந்தைப் படத்திலும் இல்லை. இன்னொன்று, 2016இல் யாஹூவில் இருந்தபோது உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை எடுத்த பேட்டியில், அவருக்குச் சங்கடம் தரக்கூடிய சில வரிகளை வெளியிடாமல் விட்டதை 2021இல் தன் புத்தகத்தில் தானே ஒப்புக்கொண்டார். அது தப்பு. செய்தியாளர் செய்யக்கூடாத தப்பு. அதற்காக அவரைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். வெள்ளைக் கோட்டுக்காகத் திட்டாதீர்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

பணம்? ஒன்றரைக் கோடி டாலரை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஒரே ஒரு முகத்துக்கு அவ்வளவு கொடுத்த செய்திப் பிரிவில், 2010 தொடக்கத்தில் ஆள்குறைப்பு நடந்தது. அப்போது பலர் குரிக்கின் சம்பளத்தைக் காட்டித் திட்டினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வியாதியைக் குரிக்கா தொடங்கினார்? 1980இல் டான் ராதரை ஏபிசி கொத்திக்கொண்டு போகப் பார்த்தபோது, விடக்கூடாது என்று சிபிஎஸ் அவருக்குக் கோடிகளைக் கொட்டியது. குரோன்கைட்டுக்கு அடுத்து என்று பேசப்பட்ட ரோஜர் மட்டை ஓரங்கட்டியது. அவர் மனம் நொந்து என்பிசிக்குப் போனார். அதே சிபிஎஸ், 1987 மார்ச்சில் செய்திப் பிரிவில் 200க்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. முகத்துக்குக் கோடி, களத்தில் ஓடுகிறவனுக்குக் கடிதாசு. இதுதான் அவர்களுடைய கொள்கை. அதை ஆண்கள் அனுபவித்தபோது "நட்சத்திர அந்தஸ்து" என்று பெயர், ஒரு பெண் அனுபவித்தபோது "பேராசை" என்று பெயர்.

இன்னும் திருந்தவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2017இல் என்பிசி, ஃபாக்ஸ் நியூஸிலிருந்து மெகின் கெல்லியை வாங்கியது. மறுபடியும் அதே கணக்கு: முகத்தைத் தூக்கினால் கூட்டம் வரும். வரவில்லை. கறுப்பினத்தவர் போல முகத்தில் கறுப்பு பூசிக்கொள்வதில் என்ன தப்பு என்கிற மாதிரி அவர் பேசியதை அடுத்து, 2018 அக்டோபரில் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அந்தப் பேச்சு அவருடைய தப்பு. ஆனால் ஒரு கட்சிச் சார்பான இரவுச் சேனலின் ஆளைக் கொண்டுவந்து காலைக் காபி நேரத்தில் சிரிக்கச் சொன்னது யாருடைய தப்பு? அந்த மேலாளரை யாராவது கேஸ் ஸ்டடியில் பார்த்திருக்கிறீர்களா?

நான் ஏன் இதற்கு இவ்வளவு கத்துகிறேன் என்றால், விஷயம் அமெரிக்காவோடு முடியவில்லை. சென்ற செமஸ்டரில் எங்கள் ஸ்டுடியோவில் செய்தி வாசிக்கும் பயிற்சி நடந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தானே அலைந்து சேகரித்த தண்ணீர்ப் பிரச்சினைச் செய்தியைத் தானே எழுதி வாசித்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னது: "உனக்குச் சிரிப்பு நல்லா இருக்கும்மா. இந்த சீரியஸ் நியூஸ் எல்லாம் எதுக்கு? காலை நிகழ்ச்சி பண்ணு, நல்லா வருவே." அடுத்து வாசித்த நான் மூன்று இடத்தில் சொதப்பினேன். எனக்குச் சொன்னது: "குரல்ல நல்ல கனம் இருக்கு தம்பி, விட்டுடாதே."

கனம்! அன்றைக்குப் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அவள் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. போன வாரம் "தவறான ஆள், தவறான நாற்காலி" என்ற ஸ்லைடு வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வகுப்பே கைதட்டியது, அவள் தட்டவில்லை.

அதனால் நண்பரே, உங்கள் கடைசி ஸ்லைடை மாற்றுங்கள். பார்வையாளர் எண்ணிக்கை எப்போதிலிருந்து சரிந்தது என்று ஒரு கோடு வரையுங்கள். 2006 அந்தக் கோட்டில் எங்கே வருகிறது என்று காட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் பெயரோடு, அந்த நாற்காலிக்கு விலை பேசியவரின் பெயரையும் போடுங்கள். அப்புறமும் "தவறான ஆள்" என்று எழுதத் தோன்றினால் எழுதுங்கள். ஆனால் எந்த ஆள் என்று சரியாகப் பார்த்து எழுதுங்கள்.